தொப்பூர் ஏத்தமும் பண்டிகைக்கு மறுநாளும்

பொங்கல் லீவு முடிஞ்சு பெங்களூருக்குத் திரும்புற பஸ்ஸில் இருக்கிறவங்க முகத்தை எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா மக்களே? ஓமலூர் வரைக்கும் போன்ல பேச்சு இருக்கும். தீவட்டிப்பட்டி தாண்டினா பேச்சு குறையும். தொப்பூர் மலை ஆரம்பிச்சு டிரைவர் கியரைக் குறைச்சதும் பஸ்ஸே அமைதியாயிடும். மடியில் முறுக்குப் பை, காலடியில் அம்மா கட்டிக் குடுத்த அரிசியும் சாம்பார் பொடியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா தூங்குறாங்கன்னு அர்த்தம் இல்ல.

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். எழுத உக்காந்தா இது வரலாற்றுப் பதிவா மாறிடுச்சு. நமக்கு எதைத் தொட்டாலும் அங்கதானே போய் நிக்கும் :-) கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல தொப்பூர். அந்தப் பக்கம் வராதவங்களுக்காகச் சொல்றேன். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில் இருக்கிற கணவாய் அது. ஊர் தர்மபுரி மாவட்டத்தில் வருது. பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, 2010க்கு அப்புறம் 44ன்னு நம்பர் மாத்தினாங்களே, அந்த ரோடு. காசியில் இருந்து கன்னியாகுமரிக்குப் போற பழைய பாதை இந்த மலைச்சந்து வழியாத்தான் இறங்குது. தெற்கே சேலம் சமவெளி, வடக்கே கொஞ்சம் மேடான பாரமகால் நாடு, அதாவது இன்னிக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இருக்கிற பக்கம்.

இங்க ஒரு விசித்திரம் இருக்கு. ஊருக்குப் போற திசை இறக்கம், வேலைக்குத் திரும்புற திசை ஏத்தம். பெங்களூரில் இருந்து சேலம், நாமக்கல், மதுரைன்னு வீட்டுக்குப் போறவன் இந்த இடத்தில் சறுக்கிக்கிட்டே இறங்குவான். தொப்பூர்னாலே விபத்துன்னு பேர் வந்ததும் இந்த இறக்கத்தாலதான். டீசல் மிச்சம் பண்றேன்னு லாரியை நியூட்ரலில் விடுறது, பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போறது, முன்னாடி நிக்கிற வண்டிகள் மேல ஏறுறது. 2020 டிசம்பரில் நாலு பேர், 2024 ஜனவரியில் மறுபடி நாலு பேர். ரெண்டுமே தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்குற வழியில் நடந்தது. திரும்பிப் போற ஏத்தத்தில் இந்த வேகப் பயம் கிடையாது. மனசுதான் பின்னாடியே இழுக்கும். (ரயில்காரங்களும் தப்பல. 2021 நவம்பர் 12 விடியக்காலை, அதாவது தீபாவளி முடிஞ்சு எட்டாம் நாள், தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் பாறை சரிஞ்சு கண்ணூர் - பெங்களூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டுச்சு. நல்லவேளை, ஒரு உயிருக்கும் சேதம் இல்ல.)

*

இந்த வருத்தத்துக்கு என்ன பேர்? இங்கிலீஷ்காரன் இதை நீல நிறத்தோடு சேர்த்து ஒரு பேர் வச்சிருக்கான், நாம 'லீவு முடிஞ்ச சோகம்'னு சொல்லிட்டுப் போயிடுறோம். ஐரோப்பாவில் இதை ஒரு வியாதியாவே எழுதி வச்ச டாக்டர் ஒருத்தர் இருந்தார். ஜோஹன்னஸ் ஹோஃபர். 1688ல் பாசல் நகரத்தில், வீடு திரும்புதல், வலி என்ற ரெண்டு கிரேக்கச் சொல்லை ஒட்டி 'நாஸ்டால்ஜியா'ன்னு ஒரு சொல்லை உண்டாக்கினார். வெளிநாட்டில் கூலிப்படையாப் போன சுவிஸ்காரங்களை வாட்டுற நோய்னு அந்தப் பேர் பரவிச்சு. மருந்து? ஊருக்கு அனுப்பி வைங்க, அவ்வளவுதான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம கேஸே வேற. ஊருக்குப் போய்ட்டு வந்ததாலதான் நமக்கு இந்த நோயே வருது. போகாம ஹாஸ்டலில் கிடந்திருந்தா சாதாரண செவ்வாய்க்கிழமையா கடந்து போயிருக்கும். ஹோஃபர் கிட்ட இதுக்குச் சீட்டு இல்ல.

இன்னொரு வகையும் உண்டு. அது இதைவிடக் கனமானது. எல்லார் வீட்டிலும் வெடிச்சத்தம் கேக்கும்போது ஒரு வீடு மட்டும் இருட்டா இருக்குமே, அது. புறநானூற்றில் 194ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடினது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச் சூடியிருக்கா, இன்னொருத்தி அழுதுகிட்டு இருக்கா. இப்படி ஒரு உலகத்தைப் படைச்சவன் பண்பு இல்லாதவன்னு ஆள் நேராவே திட்டுறார். திட்டிட்டு, இந்த உலகம் கொடுமையானதுதான், அதோட இயல்பு தெரிஞ்சவங்க அதில் இருக்கிற நல்லதைப் பாத்துக்கோங்கன்னு முடிக்கிறார். எனக்கு அந்தப் பாட்டில் பிடிச்சது அந்த வரிசை. முதல்ல திட்டு, அப்புறம்தான் ஆறுதல். நம்மாளுங்க 'எல்லாம் நல்லதுக்கே'ன்னு நேரா ரெண்டாவதுக்குத் தாவிடுறாங்க, அதனால ஒட்டவே மாட்டேங்குது.

தொப்பூர் ஏத்தம் ஏறி தர்மபுரி போற வழியில், தர்மபுரிக்குக் கொஞ்சம் முன்னாடி அதியமான்கோட்டை வரும். தர்மபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியோட ஊர். நெல்லிக்கனியை எல்லாரும் ஸ்கூலில் படிச்சிட்டோம். அதியமான் செத்ததுக்கு அப்புறம் ஔவையார் பாடினதை ஸ்கூலில் அவ்வளவா சொல்லித் தர்றதில்ல. புறநானூறு 231, 232, 235 எடுத்துப் பாருங்க. 235ல் அவங்க நினைச்சு அழுறது அவனோட வீரத்துக்கு முன்னாடி விருந்தை! கள் கொஞ்சமாக் கிடைச்சா எங்களுக்கே குடுத்துடுவான். நிறையக் கிடைச்சா நாங்க குடிச்சுப் பாட, மிச்சத்தை அவன் சந்தோஷமாக் குடிப்பான். கறியோட இருக்கிற எலும்பு வந்தா எங்க பக்கம் தள்ளுவான். நரந்தம் மணக்கிற கையால் புலால் நாறுற என் தலையைத் தடவிக் குடுப்பான். இப்படியே போகுது. இதைப் பண்டிகை நாளில் காலியா இருக்கிற நாற்காலியைப் பாத்துப் பேசுற பேச்சுன்னு படிச்சுப் பாருங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பாட்டு மாதிரியே இருக்காது.

232 இன்னும் உக்கிரம். நடுகல் நட்டு, மயில் பீலி சூட்டி, நாரால் வடிகட்டின கள்ளைச் சின்ன கலத்தில் ஊத்துறாங்க. சிகரம் உயர்ந்த மலையோட நாட்டையே சேத்துக் குடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளிக் கள்ளை வாங்கிப்பானான்னு கேக்கறாங்க ஔவை. இனிமே காலையும் வேணாம் மாலையும் வேணாம்னுதான் பாட்டே தொடங்குது. சடங்கு நடக்குது, ஆனா மனசு ஒட்டல. இந்த அனுபவம் இல்லாதவங்க யாரு, சொல்லுங்க?

ஆனா அந்தச் சடங்கு நிக்கல பாருங்க, அதான் ஆச்சரியம். தர்மபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க நடுகல்தான். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல் 'செங்கம் நடுகற்கள்'னு தனிப் புத்தகமே போட்டது. தர்மபுரி அருங்காட்சியகத்திலும் இந்த வட்டாரத்து நடுகற்களை வச்சிருக்காங்க. மாடு மீட்கப் போய் செத்தவன், புலியோட சண்டை போட்டு செத்தவன்னு ஒவ்வொரு கல்லிலும் ஒருத்தன். அதில் பல கல்லு இன்னிக்கு 'வேடியப்பன்' சாமி. கல்லில் இருக்கிற எழுத்தைப் படிக்க ஊரில் ஆள் இல்ல, செத்தவன் பேரு தெரியாது, ஆனா பொங்கல் வைக்கிறாங்க. யாரோ ஒரு அம்மாவோட துக்கமாத் தொடங்கினது, ஆயிரம் வருஷம் கழிச்சு ஒரு ஊரோட திருவிழா.

*

இங்க சொந்தக் கதை கொஞ்சம். அப்பா போனது ஒரு ஐப்பசியில். தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்ல. 'இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது'ன்னு அம்மா ஒரே வரியில் முடிச்சிட்டாங்க. அப்ப எனக்கு இந்த வழக்கம் மேல கோபம். ஏற்கனவே நொந்து போயிருக்கிற வீட்டை ஒரு வருஷம் இருட்டில் உக்கார வைக்கிறது என்ன நியாயம்னு சண்டைகூடப் போட்டேன்.

நாள் போகப் போகத்தான் அந்த ஏற்பாட்டோட உள்கணக்கு புரிஞ்சுது. பண்டிகை இல்லைன்னு சொல்லிட்டதால, யாரும் அம்மாகிட்ட 'சிரிச்ச முகமா இரு'ன்னு சொல்லல. அம்மா யாருக்காகவும் நடிக்க வேண்டி வரல. அதே சமயம் தனியாவும் விடல. பக்கத்து வீட்டு அக்கா பலகாரத் தட்டை மூடி எடுத்துட்டு வந்து, பேசாம வச்சிட்டு, பாத்திரம் கழுவிக் குடுத்துட்டுப் போனாங்க. சித்தி வந்து அம்மா தலையில் எண்ணெய் வச்சு, சீயக்காய் தேச்சு, குளிப்பாட்டிவிட்டு, சூடா ரசம் சோறு போட்டுட்டுத்தான் பஸ் ஏறினாங்க. இன்னிக்கு இதுக்கெல்லாம் 'சுய பராமரிப்பு'ன்னு பேர் வச்சு வகுப்பு எடுக்கறாங்க. எங்க சித்திக்கு அந்த வார்த்தை தெரியாது. எண்ணெய் எத்தனை சூடு இருக்கணும்னு மட்டும் தெரியும்.

அடுத்த வருஷத்தில் இருந்து படையல். தலைவாழை இலை, அப்பாவுக்கு ஒரு வேட்டி, ஒரு சட்டை, வடை, பாயசம், யாரும் பாக்காத மாதிரி நான் ஓரமா வைக்கிற ஒரு கட்டு பீடி. அம்மா இலை முன்னாடி உக்காந்து கால் மணி நேரம் அழுவாங்க. காக்கா வந்து சோறு எடுத்ததும் மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சு, 'இலை போடுங்க, பசிக்குது'ன்னுவாங்க. அழுகைக்கு ஒரு நேரம், ஒரு இலை. அப்புறம் சாப்பாடு. அழுகையைத் துரத்தல, வீடு முழுக்கப் பரவவும் விடல. என்னோட கவலை என்னன்னா, பெங்களூர் அபார்ட்மெண்டில் தனியா இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த இலையும் இல்ல, சித்தியும் இல்ல. பண்டிகை முடிஞ்சு வாரக்கணக்கில் தூக்கம் வராம, சாப்பாடு இறங்காம, எதுக்கு இருக்கோம்னு நினைப்பு வருதுன்னா அது லீவு சோகம் இல்ல, ஆள்கிட்டப் பேச வேண்டிய விஷயம். 2022ல் மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, ரெண்டிலும் பேசலாம். சென்னையில் சிநேகா அமைப்பு 1986ல் இருந்து இந்த வேலையைத்தான் செய்யுது. போன் பண்றதில் ஒரு வெக்கமும் இல்ல.

*

இப்ப நான் சொல்ல வந்த ஆளுக்கு வர்றேன். அவர் ஒரு வெள்ளைக்காரர்.

1790 நவம்பரில், மூணாம் மைசூர்ப் போர் சமயம், திப்பு சுல்தானோட படையும் ஜெனரல் மெடோஸோட கம்பெனிப் படையும் இந்தத் தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் கிட்டத்தட்ட முட்டிக்கிற அளவுக்கு வந்தாங்க. திப்பு லாகவமா கணவாய் வழியா தெற்கே இறங்கி காவிரிப் பக்கம் போய்ட்டார். அதுக்கப்புறம் 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தம். பாரமகால் கம்பெனிக்குப் போச்சு. (திப்புவோட சின்னப் பையன்கள் ரெண்டு பேரைப் பிணையா சென்னைக்குக் கூட்டிட்டுப் போனதும் இதே ஒப்பந்தத்தில்தான். 1794ல்தான் திருப்பி அனுப்பினாங்க. அந்தப் பிள்ளைகளோட பண்டிகைகள் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா...) புதுசா வந்த நாட்டை அளந்து வரி போட அலெக்சாண்டர் ரீட்னு ஒரு கேப்டன். அவருக்கு மூணு உதவியாளர்கள். அதில் தர்மபுரியில் வந்து உக்காந்தவர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடல் பக்கத்தில் சேணம் இல்லாத குதிரை மேல கம்பீரமா இருப்பாரே, அதே மன்றோதான். ஆனா அப்ப அவர் கவர்னர் இல்ல, சிலையும் இல்ல. முப்பத்தியோரு வயசு, கல்யாணம் ஆகாத ஆள்.

கிளாஸ்கோகாரர். அப்பா வியாபாரி, அமெரிக்க சுதந்திரப் போரில் தொழில் நொடிச்சுப் போனவர். பையன் 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார், சாதாரண கேடட்டா. சம்பளத்தில் மிச்சம் பிடிச்சு வீட்டுக்குப் பணம் அனுப்பிட்டே இருந்தார். கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அப்பாவோட கடன், வெளியூர் வேலை, மாசாமாசம் மணியார்டர். எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் பத்து மன்றோ ஏறுவான்.

தங்கச்சி எர்ஸ்கினுக்கு 1789ல் எழுதின ஒரு கடிதம் ரொம்பப் பிரபலம். கிழக்கு நாட்டு சொகுசைப் பத்தி நீ கனவு காணாதே, சில மணி நேரம் என் அறைக்கு வந்து பாத்தா தெளிஞ்சிடும்னு கிண்டலா எழுதறார். இந்தியாவுக்கு வந்து மூணு வருஷம் தலைக்கு வைக்கத் தலையணை கிடையாது, புத்தகம் இல்லன்னா தோட்டா பைதான் தலையணை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம சேலம் ஜில்லா சனத்துக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா இதைவிட நூறு கடிதம் எழுதியிருப்பாங்க. அவங்க பாட்டாப் பாடினாங்க. சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஒருத்தர் தேடித் தேடித் தொகுத்ததால கொஞ்சம் மிஞ்சிச்சு. துரை கவர்னர் ஆனதால அவரோட கடிதங்களை கிளெய்க்னு ஒரு பாதிரியார் 1830ல் வால்யூம் வால்யூமா அச்சடிச்சிட்டார். சோகத்தைப் பத்திரப்படுத்தி வைக்கவும் பதவி வேணும் போல.

கவனிங்க, எனக்கு மன்றோ மேல பக்தி எல்லாம் கிடையாது. வரி வசூல் பண்ண வந்தவர். ரயத்வாரி முறைக்கு வித்து போட்டதே இந்த பாரமகால்தான். அதில் விவசாயிக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு பாரம்னு தனிப் பதிவே போடலாம். இங்க நான் பாக்கறது வேற. 1792ல் இருந்து 1799 வரைக்கும், நடுவில் போர் வேலை தவிர, ஏழு வருஷம். பெரும்பாலும் கூடாரம், நில அளவை, ஊர் ஊராக் கணக்கு. ஒரு கடிதம் கிளாஸ்கோ போய் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல. லீவு கேட்டு ஊருக்குப் போய்ட்டு வர்ற தூரமா? அந்த ஆள் தர்மபுரியில் என்ன பண்ணினார்னா, ஒரு தோட்டம் போட்டார்.

கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா யோசிங்க. அப்ப கம்பெனி ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க இந்தியாவை பஸ் ஸ்டாண்டு மாதிரிப் பாத்தவங்க. சீக்கிரம் சம்பாதி, சீக்கிரம் கப்பல் ஏறு. எடுத்த எடுப்பில் பழம் தராத ஒரு செடியை நடுறவன், அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பேன்னு மனசுக்குள்ள ஒத்துக்கிட்டவன். என் பழைய ரூம்மேட் ஒருத்தன் பொம்மனஹள்ளி ரூமில் மூணு வருஷம் சூட்கேஸைப் பிரிக்காமலேயே இருந்தான். சட்டையை எடுப்பான், போடுவான், துவைச்சு மறுபடி சூட்கேஸிலேயே வைப்பான். ஷெல்ஃப் காலியாவே கிடக்கும். கேட்டா 'எப்படியும் ஊருக்குப் போய்டுவேன்டா'ன்னு பதில். ஒவ்வொரு தீபாவளிக்கு அப்புறமும் அவனுக்குத்தான் சோகம் ஜாஸ்தி, ஒரு வாரம் போர்வையை விட்டு வெளிய வர மாட்டான். ஊரில் இருக்கும்போது திரும்பணுமேன்னு கவலை, இங்க இருக்கும்போது ஊர் இல்லையேன்னு கவலை. ரெண்டு இடத்திலும் பையன் இல்ல.

மன்றோவுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. 1799ல் திப்பு விழுந்ததும் அவரைக் கன்னடக் கரைக்கு மாத்திட்டாங்க. பெரிய பதவி, கூட சம்பளம். சந்தோஷப்பட்டாரா? பாரமகாலை விட்டுப் போறப்ப எனக்கு இருக்கிற வருத்தம், சொந்த ஊரை விட்டுக் கிளம்பினப்ப இருந்ததைவிட அதிகம்னு எழுதறார்! அதுக்குக் காரணமும் சொல்றார். அன்னிக்கு வயசு, புது நாட்டைப் பத்தின கற்பனை சந்தோஷம் கண்ணை மறைச்சிடுச்சு. இன்னிக்கு என்ன இழக்கறோம்னு தெரியும், இருபது வருஷத்து நண்பர்கள், பழகின நாடு. கன்னடக் கரையில் விடாத மழை, அவருக்கு அது ஆகவே இல்ல. வேற இடம் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு 1800 கடைசியில் கடப்பை, பல்லாரிப் பக்கம் வந்து சேர்ந்தார். தர்மபுரிக்காக ஏங்கின ஸ்காட்லாந்துக்காரர்! இன்னிக்கு தர்மபுரிக்காரன் பெங்களூரில் உக்காந்து ஏங்கறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

(கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவர் மனசு எப்படி இருந்திருக்கும்னு கேக்கத் தோணும். ஆனா ஸ்காட்லாந்து திருச்சபைக்காரங்க அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸை ஒரு பொருட்டாவே எடுத்துக்கல. அங்க 1958ல்தான் அது அரசு விடுமுறையே ஆச்சு. எந்த நாள் ஒருத்தனை அழ வைக்கும்ங்கிறதைக்கூட ஊர்தான் முடிவு பண்ணுது.)

1807ல் ஒருவழியா லீவு. இருபத்தேழு வருஷம் கழிச்சு ஊருக்கு! 1808ல் போய்ச் சேர்ந்தார். இதுதான் உலகத்திலேயே நீளமான 'பொங்கல் லீவா' இருக்கணும். சின்ன வயசில் குடும்பம் தங்கின கெல்வின் ஆத்துப் பக்கம் உட்சைடுங்கிற இடத்துக்குத் தனியா நடந்து போய் நின்னாராம். விளையாடின இடமெல்லாம் அப்படியே இருக்கு, கூட விளையாடினவங்கதான் இல்ல. நம்மாளுங்களுக்கு இது புதுசா என்ன? பத்து வருஷம் கழிச்சு பழைய ஸ்கூல் கிரவுண்டில் போய் நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கிரவுண்டு சின்னதாப் போயிருக்கும்.

1814ல் ஜேன் கேம்பெல்லைக் கல்யாணம் பண்ணிக்கிட்டுத் திரும்ப வந்தார். 1820ல் சென்னை கவர்னர். அடுத்த வருஷமே கிண்டியில் இருந்த தோட்ட வீட்டை அரசாங்கம் கவர்னருக்காக வாங்குச்சு. இன்னிக்கு அந்த இடம் ஆளுநர் மாளிகை. அங்க போய்த் தங்குறது அவரோட ஓய்வு. 1826ல் சின்னப் பையனுக்கு உடம்பு சரியில்லாம, மனைவி குழந்தையைக் கூட்டிக்கிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டாங்க. அதுக்கப்புறம் கிண்டியில் இருந்து மனைவிக்கு எழுதின கடிதங்கள்தான் என்னை இந்தப் பதிவு எழுத வச்சது. கவர்னர், அறுபத்தஞ்சு வயசு, சேவகர்கள், குதிரைகள் எல்லாம் இருக்கு. லீவு நாளில் தோட்டத்தில் நடக்கறார். பையன் ஓடின வழி காலியா இருக்குன்னு எழுதறார். அப்புறமும் நடக்கறார். நடக்கறதை நிறுத்தல, எழுதறதையும் நிறுத்தல. தர்மபுரியில் கத்துக்கிட்ட பழக்கம் அதுன்னு நான் நினைக்கிறேன். வாழ்க்கை வரலாறு எழுதினவங்க யாரும் அப்படிச் சொல்லல, இது என்னோட ஊகம் மட்டும்தான்.

பதவியை விடுறேன்னு எழுதிக் குடுத்தாச்சு. அடுத்த கவர்னர் வந்து சேரணும், அதுவரைக்கும் இருக்கணும். இருக்கிற நாளில், கிளம்பறதுக்கு முன்னாடி ஒருமுறை பழைய ஊர்களைப் பாத்து சொல்லிட்டு வந்துடலாம்னு கடப்பை, கர்னூல் பக்கம் கிளம்பினார்.  கூடாரத்தில் காலரா பரவுச்சு. 1827 ஜூலை 6, பத்திக்கொண்டாவில் இறந்துட்டார். கூத்தியில் புதைச்சு, அப்புறம் சென்னைக் கோட்டைக்குள்ள இருக்கிற புனித மேரி தேவாலயத்துக்கு மாத்தினாங்க. கோட்டைக்குப் போறவங்க பாக்கலாம்.

பத்திக்கொண்டாவில் அவர் நினைவா ஒரு கிணறு வெட்டி ஒரு தோப்பு வச்சாங்க. சென்னையில் சாண்ட்ரி செஞ்ச அந்த வெண்கலக் குதிரை வந்து நின்னது 1839ல். ரெண்டில் எதுக்குப் பக்கத்தில் உக்காந்திருப்பாருன்னு கேட்டா, நான் தோப்புக்குத்தான் ஓட்டு போடுவேன்.

டிஸ்கி: அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி நானும் அந்தப் பஸ்ஸில்தான் இருப்பேன். தொப்பூர் ஏத்தத்தில் விளக்கை அணைச்சதும் யாராவது எள்ளுருண்டை டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டா, பின் சீட்டுக்கும் ரெண்டு அனுப்பி வைங்க :-)